15 ஜிபி ஏன் பதினைந்திலேயே நிற்கிறது? இலவச மின்னஞ்சலின் இட வரம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“சேமிப்பிடம் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது” என்ற எச்சரிக்கை வந்த பிறகுதான் பலருக்கும் மின்னஞ்சல் பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு என்பதே நினைவுக்கு வருகிறது. எல்லையை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், ஒரு காலத்தில் கிடுகிடுவென ஏறிய அந்த எண் இப்போது ஏன் அசைய மறுக்கிறது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது.

இன்று எந்தச் சேவை இலவசமாக எவ்வளவு இடம் தருகிறது?

ஜிமெயில் 15 ஜிபி. யாஹூ 20 ஜிபி. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் 15 ஜிபி. ஆப்பிளின் ஐகிளவுட் 5 ஜிபி. ஸோஹோ மெயில் 5 ஜிபி. புரோட்டான் மெயில் 1 ஜிபி.

இந்த எண்களை மட்டும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த இடத்தில் கடிதங்களைத் தவிர வேறு என்னவெல்லாம் குடியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஜிமெயிலின் 15 ஜிபியில் கூகுளின் சேமிப்புச் சேவையான டிரைவ் கோப்புகளும் புகைப்படங்களும் பங்கு போடுகின்றன. ஐகிளவுட்டின் 5 ஜிபியில் ஐபோனின் காப்பு நகலும் உட்கார்ந்துவிடுவதால் கடிதங்களுக்கு எஞ்சுவது சொற்பம். அவுட்லுக்கில் கடிதப் பெட்டிக்குத் தனியாக 15 ஜிபி உண்டு. ஆனால் 2023 பிப்ரவரி முதல் கடிதங்களோடு வரும் இணைப்புகள் மைக்ரோசாஃப்டின் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவின் 5 ஜிபி கணக்கிலும் ஏறுகின்றன. பெட்டியில் இடம் மிச்சமிருக்கும்போதே கடிதம் வராமல் நின்றுபோனவர்கள் பலர் இந்த இரட்டைக் கணக்கில் சிக்கியவர்கள்தான்.

ஒரு காலத்தில் 2 எம்பிதான் கொடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று இன்றைய அவுட்லுக்கின் முன்னோடியான ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அந்த ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்பி. எட்டு ஆண்டுகள் கழித்து 2004 தொடக்கத்திலும் அதே 2 எம்பிதான். 1997-இல் வந்த யாஹூ மெயில் 2004 தொடக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது 4 எம்பி.

அந்த அளவு அன்றாடத்தில் எப்படி இருந்தது என்பதை இன்று விளக்குவது கடினம். பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் அழிப்பதற்கே போய்விடும். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் குழந்தையின் படங்கள் மூன்றை அனுப்பினால் முதல் இரண்டு வந்து சேரும். மூன்றாவது அவருக்கே திரும்பிப் போகும். உடனே ஒரு ஃப்ளாப்பியில் படத்தை இறக்கிக்கொண்டு பெட்டியைக் காலி செய்ய வேண்டும். ஃப்ளாப்பி கொள்வதோ 1.44 எம்பி. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற, மடல்வழியே பேசிக்கொள்ளும் யாஹூ குழுமங்களில் விவாதம் சூடுபிடித்த நாட்களில் வெறும் எழுத்தாலேயே பெட்டி நிறையும். அதற்காகவே நாளின் மடல்கள் எல்லாவற்றையும் ஒரே மடலாகத் தொகுத்துத் தரும் வசதியைப் பலர் வைத்திருந்தார்கள்.

இன்னொரு கெடுபிடியும் உண்டு. ஹாட்மெயிலின் இலவசக் கணக்கை 30 நாள் திறக்காமல் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிக்கப்படும். ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் தங்கிவிட்டு வந்தவருக்குக் கிடைத்தது வெறும் பெட்டி.

அப்போது வன்தட்டு விலை அதிகம், அதனால்தான் அப்படியா?

1996-க்கு அந்தப் பதில் சரி. அன்று ஒரு ஜிபி வன்தட்டின் விலை நூற்றுக்கணக்கான டாலர். 2004-இல் அது ஏறத்தாழ ஒரு டாலருக்கு வந்துவிட்டது. விலை இத்தனை மடங்கு சரிந்த பிறகும் ஹாட்மெயிலின் 2 எம்பி 2 எம்பியாகவே இருந்ததற்கு வன்தட்டின் மேல் பழி போட முடியாது.

சர்வரில் வைக்கும் இடம் கடையில் வாங்கும் வன்தட்டைவிடச் செலவு கூடியது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஒரே கடிதத்துக்குப் பல நகல்கள் வேண்டும், மின்சாரம் வேண்டும், குளிரூட்டல் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். ஆனாலும் அசல் காரணம் வேறு. கூடுதல் இடத்தை விற்பது அன்று ஒரு வியாபாரம். வருடத்துக்குச் சில பத்து டாலர் கட்டினால் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கித் தருவார்கள். இலவசப் பெட்டியைப் பெரிதாக்கினால் அந்த வருமானம் போகும். தாராளமாகக் கொடுக்கும் ஓர் ஆள் எதிரில் வராதவரை யாருக்கு அவசரம்?

ஜிமெயில் வந்தபோது என்னதான் நடந்தது?

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இலவச மின்னஞ்சல், ஒவ்வொருவருக்கும் 1 ஜிபி. அதாவது ஹாட்மெயிலைப் போல 500 மடங்கு. தேதியைப் பார்த்தவர்கள் முட்டாள்கள் தின வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். நிலவில் அமையவிருக்கும் ஆய்வு மையத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று அதே நாளில் கூகுள் ஒரு விளையாட்டு விளம்பரமும் வெளியிட்டிருந்ததால் சந்தேகம் இன்னும் வலுத்தது. நிலவு வேலைதான் வேடிக்கை. 1 ஜிபி நிஜம்.

இதை உருவாக்கத் தொடங்கியவர் பால் புக்கைட் என்ற பொறியாளர். வேலை ஆரம்பித்தது 2001-இல். அவருக்கு அக்கறை இடத்தைவிடத் தேடலில்தான். பழைய கடிதங்கள் எல்லாம் பெட்டியிலேயே இருந்தால்தான் தேடுவதற்குப் பொருள் உண்டு. எல்லாம் இருக்க வேண்டுமானால் இடம் வேண்டும். 1 ஜிபி என்ற எண் அங்கிருந்து பிறந்தது. ‘எதையும் அழிக்க வேண்டாம்’ என்பதில் எவ்வளவு பிடிவாதம் என்றால், முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஜிமெயிலில் ‘அழி’ என்ற பொத்தானே வெளியில் தெரியாது. கீழே விரியும் பட்டியலுக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். பயனர்கள் ஓயாமல் கேட்ட பிறகுதான் 2006-இல் பொத்தான் வெளியே வந்தது.

விளம்பரத்துக்கு இது பெரிய தீனி. ஆனால் எல்லோருக்கும் கதவு திறக்கவில்லை. யாராவது அழைப்பு அனுப்பினால்தான் கணக்குத் தொடங்க முடியும். அந்த அழைப்புகள் ஈபே என்ற ஏலத் தளத்தில் காசுக்கு விற்கப்பட்டன. கூகுள் சாமர்த்தியமாகத் தட்டுப்பாட்டை உருவாக்கியது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருந்த நிலைமை அவ்வளவு ஒய்யாரமானதல்ல. நிறுவனத்தில் வேறு எவரும் சீண்டாத சுமார் 300 பழைய பென்டியம் III கணினிகள்தான் அப்போது ஜிமெயிலைத் தாங்கின. அழைப்பு முறை முதலில் ஒரு தடுப்பணை. அது கிராக்கியாக மாறியது பிறகு நடந்த அதிர்ஷ்டம். எல்லோருக்கும் கதவு திறக்க 2007 பிப்ரவரி ஆனது.

எல்லோருக்கும் 1 ஜிபி கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

எல்லோரும் 1 ஜிபியையும் பயன்படுத்தினால் ஆகாது. ஆனால் யாரும் அப்படிப் பயன்படுத்துவதில்லை. ஆயிரம் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தவர் ஒரே பந்தியில் ஆயிரம் இலை போடுவதில்லை. 2004-இல் கணக்குத் தொடங்கிய ஒருவர் அந்த ஒரு ஜிபியை எட்ட ஆண்டுகள் ஆகும். அதற்குள் வன்தட்டு விலை பாதியாகி, மறுபடி பாதியாகியிருக்கும். கொடுப்பதாகச் சொன்ன இடத்துக்கு அன்றே வன்தட்டு வாங்க வேண்டியதில்லை. வாக்குக் கொடுப்பது இன்று, செலவு செய்வது நாளைய விலையில். இந்தத் தள்ளிப்போட்ட தவணைதான் இலவச இடத்தின் ரகசியம்.

சிலர் இந்தக் கணக்கைக் குலைக்கவும் பார்த்தார்கள். ஜிமெயில் பெட்டியையே கணினியில் இன்னொரு வன்தட்டுபோலக் காட்டி, கோப்புகளைக் கடித இணைப்பாக மாற்றி ஒளித்து வைக்கும் சிறு மென்பொருள்கள் 2004-லேயே வந்துவிட்டன. டிரைவ் என்று ஒன்றை கூகுள் விற்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே மக்கள் அதைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

ஹாட்மெயிலும் யாஹூவும் சும்மா இருந்தனவா?

மூன்று மாதம்கூட இருக்க முடியவில்லை. 2004 ஜூனில் யாஹூ 4 எம்பியை 100 எம்பி ஆக்கியது. அதே மாதம் ஹாட்மெயில் 250 எம்பி தருவதாக அறிவித்தது. நம் நாட்டின் ரெடிஃப்மெயில் 2004-லேயே 1 ஜிபிக்குத் தாவியது. யாஹூ 2005-இல் 1 ஜிபிக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு பன்னிரண்டு வாரத்துக்குள் முடிந்தது. போட்டி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

கூகுள் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் பிறந்த நாளான 2005 ஏப்ரல் 1 அன்று 2 ஜிபி ஆக்கியதோடு, நுழைவுப் பக்கத்தில் ஓர் எண்ணியை ஓட விட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பெட்டியின் அளவு தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏறிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் பங்க் மீட்டரைப் பார்ப்பதுபோலச் சிலர் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிய அளவு அற்பம். ஏறுகிறது என்ற காட்சிதான் ஆயுதம். 2007-இல் ஹாட்மெயில் 5 ஜிபிக்கு வந்தது. ஜிமெயில் 2012 ஏப்ரலில் 10 ஜிபியை எட்டியது.

‘அளவே இல்லை’ என்றுகூட ஒருவர் அறிவித்தாரே?

யாஹூ. 2007-இல், மெயிலின் பத்தாம் ஆண்டை ஒட்டி, இனி வரம்பே கிடையாது என்றது. 2013-இல் அந்த வாக்கு 1 டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி, என்று ஓர் எண்ணாகச் சுருங்கியது. சாதாரணப் பயன்பாட்டுக்கு அதுவும் எல்லையற்றதற்குச் சமம்தான். 2025 ஆகஸ்டில் அந்த 1 டெராபைட் 20 ஜிபி ஆனது. ஐம்பதில் ஒரு பங்கு. இருபது ஆண்டுக் கடிதங்களை நம்பி வைத்திருந்தவர்கள் அழிப்பதா, பணம் கட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

யாஹூவை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மைக்ரோசாஃப்ட் 2014 அக்டோபரில் சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவில் வரம்பற்ற இடம் என்றது. அடுத்த ஆண்டே, சிலர் 75 டெராபைட்டுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள் என்ற காரணத்தைச் சொல்லித் திரும்பப் பெற்றது. ஒன்டிரைவின் இலவச அளவு 25 ஜிபியில் இருந்து 7-க்கு இறங்கி, 15-க்கு ஏறி, பிறகு 5-இல் வந்து நின்றது. படங்களைச் சேமிக்கும் தளமான ஃபிளிக்கரின் இலவச 1 டெராபைட் 2019-இல் ஆயிரம் படங்கள் என்ற வரம்பாகிவிட்டது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றிக் கொடுத்த கூகுள் 2021-இல் நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று அறிவித்ததும், பல பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர்களின் கணக்குகளைக் குறைக்கவும் மூடவும் இறங்கின.

ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். ஆள் பிடிக்க வேண்டிய காலத்தில் வாக்கு வருகிறது. ஆள் போக மாட்டார் என்று உறுதியானதும் வாக்கு சுருங்குகிறது.

ஜிமெயிலின் 15 ஜிபி மட்டும் ஏன் அசையவே இல்லை?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி. 2013 மே மாதம் 15 ஜிபி வந்தது. அதைக் கூடுதல் என்று கொண்டாடியவர்கள் கூட்டிப் பார்க்கவில்லை. அதற்கு முன் ஜிமெயிலுக்கு 10, டிரைவுக்கு 5 எனத் தனித்தனியாக இருந்தது. நடுவிலிருந்த சுவரை இடித்து 15 என்றார்கள். மொத்தம் ஒரு பைட்கூடக் கூடவில்லை.

அன்றிலிருந்து வன்தட்டு விலை பலமடங்கு இறங்கியது; நம் போனின் கேமரா பலமடங்கு பெரிய படங்களை எடுக்கத் தொடங்கியது. எண் மட்டும் நின்றது. அதோடு உள்ளே குடியேறுபவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். 2021 ஜூன் 1 வரை, சற்றுச் சுருக்கப்பட்ட தரத்தில் கூகுள் போட்டோஸில் ஏற்றிய படங்கள் கணக்கில் வராமல் இருந்தன. அன்று முதல் புதிதாக ஏற்றுபவை கணக்கில் வருகின்றன. ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் காப்பு நகல் சில ஆண்டுகள் கணக்குக்கு வெளியே இருந்தது. 2024-இல் அதுவும் உள்ளே வந்தது. காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் நிறைந்த குடும்பக் குழுக்கள் நான்கைந்தில் இருப்பவருக்கு அந்த ஒரு நகலே பல ஜிபி.

ஆகவே 15 என்ற எண் அப்படியே இருக்கிறது என்பது பாதி உண்மை. கடிதங்களுக்கு உள்ள பங்கு ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. 2005-இல் எண்ணி ஓடியது, போக வேறு இடம் இருந்தவர்களை இழுப்பதற்காக. 2018-இல் ஜிமெயிலுக்கு 150 கோடிப் பயனர்கள் என்று கூகுளே சொன்னது. 150 கோடிப் பேரை வைத்திருப்பவர் யாரை இழுக்க எண்ணியை ஓட விட வேண்டும்?

அப்படியானால் மின்னஞ்சலில் போட்டியே இல்லை என்பீர்களா?

சட்டப்படி பார்த்தால் போட்டி உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2023 செப்டம்பரில் பெருநிறுவனங்களின் எந்தெந்தச் சேவைகள் சந்தையின் வாயிற்காவலர்கள் என்று பட்டியலிட்டபோது, பயனர் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியிருந்தும் ஜிமெயிலையும் அவுட்லுக்கையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப் போல அல்லாமல், மின்னஞ்சல் யாருக்கும் சொந்தமில்லாத பொது நெறிமுறையில் ஓடுகிறது. ஜிமெயிலில் இருப்பவர் புரோட்டானில் இருப்பவருக்கு எழுதலாம். யாரும் தடுக்க முடியாது.

ஆனால் முகவரி உங்களுடையதல்ல என்பதைச் சட்டம் பேசுவதில்லை. இந்தியாவில் 2011 ஜனவரி முதல் நாடெங்கும் மொபைல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். மின்னஞ்சலில் அந்த உரிமை கிடையாது. வங்கி, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, பிள்ளைகளின் பள்ளி, எரிவாயு இணைப்பு என்று எல்லா இடத்திலும் கொடுத்த முகவரியின் வாலில் அந்த நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருக்கிறது. போகிறவருக்குக் கைகொடுக்கும் வசதி, பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் தானாகத் திருப்பி அனுப்புவது. அதையே யாஹூ 2021 தொடக்கத்தில் இலவசக் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டுக் கட்டணச் சேவையாக்கியது. ஜிமெயிலில் அது இன்றும் இலவசம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இடம் இலவசமாகத் தருவது என் கடிதங்களைப் படிப்பதற்குத்தானே?

ஆரம்பத்தில் கணிசமாக ஆம். கடிதத்திலுள்ள சொற்களைக் கணினி அலசி அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் காட்டியது. 2004-லேயே கலிபோர்னியாவில் லிஸ் ஃபிகுரோவா என்ற செனட்டர் இதற்கு எதிராகச் சட்ட வரைவு கொண்டுவந்தார். விளம்பரத்துக்காகக் கடிதங்களை அலசுவதை நிறுத்துவதாகக் கூகுள் 2017 ஜூனில் அறிவித்தது. ஸ்பேம் வடிகட்டவும் தேடவும் கணினி கடிதங்களைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், அது வேறு.

பெட்டி முழுதும் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்?

ஜிமெயிலில் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. உங்களுக்கு எழுதியவருக்குப் பெறுநரின் பெட்டி நிறைந்துவிட்டது என்ற செய்தி திரும்பிப் போகும். நேர்முகத் தேர்வு அழைப்போ மருத்துவ அறிக்கையோ வரவேண்டிய நாளில் இது நடந்தால், வராமல் போனது ஒன்று உண்டு என்பதே உங்களுக்குத் தெரியாது. டிரைவில் புதிதாக ஏற்ற முடியாது. படங்களின் காப்பும் நின்றுவிடும். அந்த நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தால் உள்ளே இருப்பவற்றை அழிக்கும் உரிமையைக் கூகுள் தன் விதிகளில் வைத்திருக்கிறது.

கடிதத்தோடு இணைக்கும் கோப்புக்கு வரம்பு 10 எம்பி என்று சில இடங்களில் சொல்கிறார்கள். 8 எம்பி கோப்பு ஏன் திரும்பி வருகிறது?

மின்னஞ்சல் பிறந்தது வெறும் ஆங்கில எழுத்துகளை அனுப்புவதற்காக. படமோ பிடிஎஃபோ அனுப்ப வேண்டுமானால் அதை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். இந்த மாற்றத்தில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 பைட்டாக ஊதிப்போகும். வரி முறிவுகளும் சேர்ந்து, அனுப்பும் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகப் பெருகும். பல சர்வர்கள் அளப்பது அந்த ஊதிய அளவைத்தான். 8 எம்பி போகும் வழியில் ஏறக்குறைய 11 ஆகியிருக்கும். பாதுகாப்பாக 7-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயில் 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைத் தானாகவே டிரைவில் ஏற்றி இணைய முகவரியாக அனுப்பிவிடும். வசதிதான். ஆனால் இணைப்பாக வந்தது பெறுபவரின் கையில் நிரந்தரமாக இருக்கும். டிரைவ் முகவரியாக வந்ததை அனுப்பியவர் ஒரு நாள் இடம் காலி செய்ய அழித்தால் பெறுபவருக்கும் போய்விடும். பத்திரம், ரசீது போன்றவற்றை உடனே இறக்கி வையுங்கள்.

தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்குமாமே?

பிடிக்கும். யுனிகோடில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்தது, எனவே 6 பைட். மேலே சொன்ன ஊதல் முறையில் அது 8 ஆகும். வேறொரு முறையில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் மூன்றெழுத்தாக விரிந்து 18 ஆகும். யுனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி எழுத்துருக்களில் எழுதிய நாட்களில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான். ஆனால் எழுத்துரு இல்லாதவருக்குக் கடிதம் கிறுக்கலாகத் தெரியும்.

இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. ஆயிரம் சொல் தமிழ்க் கடிதம் சில பத்து கேபிதான். பெட்டியை நிரப்புவது கடைகளும் வங்கிகளும் அனுப்பும் அலங்கார மடல்கள். ஒன்று 75 கேபி என்றும் நாளுக்கு 50 என்றும் வைத்தால், வேறெதுவும் இல்லாமலே 15 ஜிபி சுமார் பதினொரு ஆண்டில் தீர்ந்துவிடும்.

காலி செய்ய எங்கே தொடங்குவது?

கடிதங்களில் தொடங்காதீர்கள். முதலில் கூகுள் ஒன் பக்கத்தில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் படங்களும் வாட்ஸ்அப் நகலும்தான் முன்னணியில் இருக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் காப்பு நகலில் வீடியோக்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு தெரிவு உண்டு. அதை மாற்றி மறுபடி நகல் எடுத்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிறகு கடிதங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரத்திலுள்ள வடிகட்டிக் குறியை அழுத்துங்கள். அங்கே ‘அளவு’ என்ற கட்டத்தில் 10 எம்பிக்கு அதிகம் என்று கொடுத்தால் கனத்த கடிதங்கள் வரிசையாக வந்து நிற்கும். இணைப்பை மட்டும் நீக்கிக் கடிதத்தை வைத்துக்கொள்ள ஜிமெயிலில் வழியில்லை. வேண்டிய கோப்பை இறக்கிக்கொண்டு முழுக் கடிதத்தையும் அழிக்க வேண்டும். கடைசியாகக் குப்பைத் தொட்டியையும் ஸ்பேமையும் காலி செய்யுங்கள். 30 நாளில் தானாக அழியும் என்றாலும் அதுவரை அவையும் உங்கள் கணக்கில்தான்.

பணம் கட்டிவிடலாமா?

இந்தியாவில் கூகுளின் 100 ஜிபி திட்டம் நீண்ட காலமாக மாதம் 130 ரூபாய், வருடத்துக்கு 1,300. பெரிய தொகை இல்லை. படங்களுக்காக என்றால் கட்டலாம். கடிதங்களுக்காக மட்டும் என்றால் நான் கட்ட மாட்டேன். ஒன்றை யோசித்துவிட்டுக் கட்டுங்கள்: 60 ஜிபி வரை நிரப்பிய பிறகு சந்தாவை நிறுத்தினால், அன்றே நீங்கள் வரம்பைத் தாண்டியவர். கடிதப் போக்குவரத்து நிற்கும். ஆகவே அது வாழ்நாள் சந்தா.

பெரிய நிறுவனத்திடம் இருக்கும் கடிதம் தொலைந்துபோகாது அல்லவா?

2011 பிப்ரவரி இறுதியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் ஒரு சிறு பகுதியினரின் பெட்டிகள் திடீரெனக் காலியாகத் தெரிந்தன. மொத்தத்தில் 0.02 சதவீதம். பல தரவு மையங்களில் இருந்த நகல்களையும் பிழை பாதித்திருந்தது. கூகுள் அவற்றைக் கடைசியில் மீட்டது காந்த நாடாவிலிருந்து. இணைப்பில்லாமல் ஓரமாக இருந்ததால் நாடா தப்பியது.

நிறுவனம் தொலைப்பதைவிட நாம் தொலைப்பதுதான் அதிகம். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் திறக்காமல் விட்டால் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. யாஹூ 2013-இல் ஓராண்டு பயன்படாத பெயர்களைப் புதியவர்களுக்கு வழங்கியபோது, பழைய உரிமையாளருக்கு வரவேண்டிய கடிதங்கள் சில புதியவர் பெட்டியில் விழுந்தன. காலமான அப்பாவின் கணக்கில் குடும்பப் படங்கள் இருந்தால் இன்றே இறக்கி வையுங்கள். கூகுளில் டேக்அவுட் என்ற பக்கம் மொத்தக் கடிதங்களையும் ஒரே கோப்பாகத் தரும். தண்டர்பேர்டு போன்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து படிக்கலாம்.

ஸோஹோ போன்ற நம் ஊர்ச் சேவைக்கு மாறலாமா?

மாறலாம். சென்னையையும் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையையும் மையமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம் அது. அதன் மெயில் சேவை 2008 முதல் இருக்கிறது, இலவசக் கணக்கிலும் விளம்பரம் இல்லை. 2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் முகவரியை அங்கே மாற்றியதாக அறிவித்த பிறகு பலர் அதைத் தேடினார்கள். இட அளவுக்காக மாறுவதென்றால் மட்டும் பொருளில்லை. 15-ஐ விட்டு 5-க்கு வருகிறீர்கள்.

என் ஆலோசனை வேறு. வருடத்துக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை செலவழித்துச் சொந்தமாக ஓர் இணையப் பெயரை வாங்கி, அதில் முகவரியை அமைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வரை சொந்தப் பெயரில் மெயில் வைத்துக்கொள்ள ஸோஹோவில் இலவசத் திட்டம் உண்டு. அதில் வலைப்பக்கமும் அவர்களுடைய செயலியும் மட்டுமே கிடைக்கும். வேறு மென்பொருளோடு இணைக்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். நாளை வரம்பைக் குறைத்தாலோ கட்டணத்தை ஏற்றினாலோ அதே முகவரியோடு இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விடலாம். பெயரைப் புதுப்பிக்கும் தேதியை மட்டும் தவறவிடக் கூடாது. விட்டால் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள், கடிதங்களும் அவருக்கே போகும்.

மாறும்போது பழைய கணக்கை மூடிவிடாதீர்கள். அதற்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட்டு, வங்கி, வருமான வரி, வைப்பு நிதி, காப்பீடு என்ற வரிசையில் முகவரியை மாற்றிக்கொண்டு வாருங்கள். ஓராண்டு ஓடிய பிறகும் பழைய முகவரிக்கு எவையெல்லாம் வருகின்றன என்று பாருங்கள். நீங்கள் மறந்துபோன இடங்களின் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.